ஈட்டியா, சிசுவா? ‘ரோஸ்வுட்’ என்று வாங்கிய 40 கன்றுகள்

வெள்ளாவெளி விவசாயி

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்புப் படுவான்கரையில் வெள்ளாவெளிக்கு அண்மையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுநிலமும் அதன் கீழே வயலும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றுப்பண்ணையில் ‘இந்திய ரோஸ்வுட்’ என்ற பெயரில் 40 கன்றுகள் வாங்கி, 28 கன்றுகளை மேட்டிலும் மிகுதி 12 கன்றுகளை வயல் வரம்பை அண்டியும் நட்டேன். தேக்கைவிட விலைபோகும் மரம் என்றும், ஆனால் பொறுமை வேண்டும் என்றும், மெதுவாகத்தான் உயரும் என்றும் விற்றவர் சொன்னார்.

இப்போது மேட்டில் நிற்பவற்றுள் பல 12 அடியைத் தாண்டிவிட்டன. மகிழ்ச்சி அடைய வேண்டிய விடயந்தான். ஆனாலும் அவர் சொன்னதற்கும் கண்ணால் காண்பதற்கும் பொருத்தமில்லாமல் இருக்கிறது. வரம்போரத்துக் கன்றுகளில் ஐந்து, போன மாரிக்குப் பிறகு நுனியிலிருந்து காய்ந்து செத்துவிட்டன. மேட்டில் இரண்டு கன்றுகள் மட்டும் இடுப்பளவைக் கடக்காமல் நோஞ்சானாக நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டு மரமுந்திரிகை நடலாம் என்று நினைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது உண்மையில் எந்த மரம் என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

தம்பி, அந்த இரண்டு கன்றுகளையும் இப்போதைக்குப் பிடுங்க வேண்டாம். முதலில் இலையைப் பார்ப்போம்.

ரோஸ்வுட் என்பது ஒரு மரத்தின் பெயர் அன்று. டால்பெர்ஜியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல மரங்களுக்கு வியாபாரிகள் வைத்த பெயர். இந்தியாவிலிருந்து அந்தப் பெயரில் வருபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. தமிழ்நாட்டில் அதை ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில், வயநாடு, நீலகிரிப் பக்கங்களில் தேக்கோடு கலந்து வளரும் காட்டு மரம் அது. மற்றது டால்பெர்ஜியா சிஸ்ஸு. வட இந்தியாவில் சீசம் என்றும் நம்மவர் வாயில் சிசு என்றும் வழங்குவது. இமயமலை அடிவாரத்து ஆறுகள் ஒதுக்கிவிட்ட மணலிலும் கூழாங்கல்லிலும் தானாக முளைத்துக் காடாகும் மரம் இது. இரண்டுக்கும் அறிவியல் பெயர் சூட்டியவர் ரொக்ஸ்பரோ என்ற ஒரே தாவரவியலாளர்தான். இரண்டும் இலங்கைக் காடுகளுக்கு உரியவை அல்ல.

இலையில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். இரண்டிலும் ஒரு காம்பில் பல சிற்றிலைகள் எதிரெதிராக அமையாமல் மாறி மாறி அமைந்திருக்கும். நுனியில் ஒரு சிற்றிலை தனியே நிற்கும். சிசுவில் சிற்றிலைகள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து. உருண்டையான இலை திடீரென்று ஒடுங்கி, கையால் இழுத்துவிட்டதுபோல ஒரு கூர்நுனியாக முடியும். சிற்றிலைகளைத் தாங்கும் நடுக்காம்பும் நேராக ஓடாமல், ஒவ்வொரு சிற்றிலையிடத்தும் சற்றே மடிந்து வளைந்து வளைந்து செல்லும். ஈட்டியில் ஐந்து முதல் ஏழு வரை இருக்கும்; நுனி மழுங்கியிருக்கும், சிலவற்றில் நடுவே சிறு பள்ளமும் விழுந்திருக்கும். லாட்டிஃபோலியா என்ற சொல்லுக்கு அகன்ற இலை என்பதே பொருள். உயர்ந்த மரம் ஒன்றிலிருந்தும் நோஞ்சான் ஒன்றிலிருந்தும் முதிர்ந்த இலைகளாகப் பத்துப் பத்து எடுத்து அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். துளிர் இலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

காத்தான்குடித் தச்சர்

ஆசிரியர் ஐயா உயிரோடு நிற்கும் மரத்தைப் பற்றிச் சொன்னார். பலகையாக வந்த பிறகு எப்படி இருக்கும் என்பதை நான் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் அன்றாடம் அரிபடுவது தேக்கும் முதிரையும் வேம்பும் பலாவுந்தான். ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய தளபாடங்களைப் பழுதுபார்க்கும்போது இந்த இரண்டு மரங்களும் கைக்கு வந்திருக்கின்றன.

ஈட்டியின் வைரம், அதாவது முற்றிய நடுமரம், ஊதா கலந்த கரும்பழுப்பு. அதனுள் கறுத்த வரிகள் ஓடும். சிசுவின் வைரம் பொன்பழுப்பிலிருந்து கடும்பழுப்பு வரை போகும். வரிகள் அதிலும் உண்டு, ஆனால் அந்த ஊதாச் சாயல் கிடையாது. சீவும்போது எழும் வாசனையில்தான் எனக்கு வித்தியாசம் நன்றாகப் பிடிபடுகிறது. ஈட்டிச் சுருளை மூக்கருகே கொண்டுபோனால் இனிப்பான ஒரு மணம் வரும். ரோஸ்வுட் என்ற பெயரே அந்த மணத்தால் வந்தது என்பார்கள். சிசுவில் அது மிக மெலிது. ஈட்டியின் நார் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னிக்கொண்டிருப்பதால் ஒரு பக்கம் வழுவழுப்பாக வரும் சீவுளி அடுத்த விரற்கடையில் பிய்த்தெடுக்கும். போதாக்குறைக்கு அதன் துளைகளுக்குள் சுண்ணாம்புபோல ஒரு படிவு இருக்கும். உளியின் வாயை அது தின்றுவிடும்.

பாரத்தை வைத்து மட்டும் எவரும் முடிவு செய்ய வேண்டாம். நன்கு உலர்ந்த ஈட்டி கன மீட்டருக்கு ஏறத்தாழ 830 கிலோ, சிசு ஏறத்தாழ 770 கிலோ. எங்கள் முதிரை அந்த இரண்டையும் தாண்டும். சிறுவயது முதல் முதிரைத் தூண் சுமந்தவனுக்கு ஈட்டிப் பலகை பாரமாகவே தோன்றாது. ‘உண்மையான ரோஸ்வுட் தண்ணீரில் தாழும்’ என்று கடைகளில் சொல்வார்கள். கன மீட்டருக்கு 1,000 கிலோவைத் தாண்டாத உலர்ந்த கட்டை எப்படித் தாழும்?

இன்னொன்று: எந்த ரோஸ்வுட்டை அரிந்தாலும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பையும் சொறியையும் கொண்டுவரும். ஒரு பழைய மேசையைச் சீவிய மறுநாள் என் இரண்டு முழங்கையும் வீங்கிப்போய் ஒரு கிழமை வேலை கெட்டது.

பேத்தாழை வாசகர்

எனக்கு ஓர் ஐயம். இரண்டும் ஒரே பேரினம்; இரண்டின் வைரமும் கறையானுக்கு அஞ்சாது; இரண்டையும் கடைக்காரர் ஒரே பெயரில் விற்கிறார்; வாங்குபவரும் ஒரே பெயரில் வாங்குகிறார். அப்படியானால் மூன்று ஆண்டில் 12 அடி வளரும் மரத்தை விட்டுவிட்டு, ஆமைபோல வளரும் மரத்தை ஏன் தேட வேண்டும்? எங்கள் வளவில் நிற்பது விரைவாக வளரும் ரோஸ்வுட் என்று எண்ணிக்கொண்டால் என்ன குறை?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

கேள்வி நியாயமானது, ஆனால் ‘குறை’ என்ற சொல்லை நான் எடுத்துவிடுவேன். சிசு, ஈட்டியின் மட்டமான வடிவம் அன்று. அது தன்னளவில் பெரிய மரம். இந்தியப் பஞ்சாபின் மாநில மரமும் அதுவே. தபலாவின் வலக்கை முழவுக் கட்டை சீசத்தில் கடைந்து எடுக்கப்படுவது வழக்கம். இன்று பாகிஸ்தானில் இருக்கும் சாங்கா மாங்கா என்ற இடத்தில், புகையிரத இயந்திரங்களுக்கு விறகு தேவைப்பட்டு 1866ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் வாய்க்கால் நீர் பாய்ச்சி ஒரு காட்டையே நட்டது. அதில் முதன்மையாக நடப்பட்டது சிசு. பயறு, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் வேரில் தழைச்சத்தைச் சேர்த்துவைக்கும். மணல் மண்ணுக்கு அது ஒரு கொடை.

அப்படியிருந்தும் இரண்டையும் ஒன்றாகக் கருத முடியாததற்குக் காரணம் காலமும் மண்ணும் ஆகும். சிசுவை விறகுக்காகப் பத்து, பதினைந்து ஆண்டிலும், பலகைக்காக 30 முதல் 60 ஆண்டிலும் வெட்டுவார்கள். ஈட்டியில் நல்ல பருமனும் கறுத்த வைரமும் சேர இன்னும் நீண்ட காலம் வேண்டும். 12 அடி உயரத்தைக் கண்டு, ஈட்டியின் விலையை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டவர், பதினைந்து ஆண்டில் வெட்டினால் கையில் கிடைப்பதில் பெரும்பகுதி வெளிறாக, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள முற்றாத புறமரமாக இருக்கும். வெளிறை எந்தக் கடைக்காரரும் ரோஸ்வுட் என்று வாங்க மாட்டார். வண்டு துளைத்து உளுத்துப்போவதும் அந்தப் பகுதிதான்.

காத்தான்குடித் தச்சர்

ஐயா சொன்ன வெளிறு விடயத்தை நான் இரட்டை வரியிட்டு ஆமோதிக்கிறேன். இளம் மரத்தைத் தறித்துக் கொண்டுவந்து ‘இதில் அலுமாரி செய்து தாருங்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. அரிந்த பிறகு நடுவில் கைவிரல் அகலத்துக்குத்தான் வைரம் இருக்கும். அவரிடம் அதைச் சொல்வது எங்களுக்கும் சங்கடம்.

இங்கினியாகலைப் பயணி

இழையின் பொருளைவிட்டு வெகுதூரம் போகாமல் ஒன்று சேர்க்கலாமா? அம்பாறை மாவட்டத்தின் மேற்கு எல்லையில், இங்கினியாகலையைத் தாண்டி நீலகலைப் புல்வெளிக் காடுகளில், கடுக்காய், தான்றி, நெல்லி மரங்களுக்கு இடையே வேங்கை மரம் இயற்கையாக நிற்கிறது. சிங்களத்தில் கம்மாலு என்பார்கள். பட்டையைக் கீறினால் இரத்தம்போலச் சிவந்த பிசின் வடியும். இதைத்தான் எங்கள் ஊர் ரோஸ்வுட் என்று ஒருவர் எனக்குக் காட்டினார். அது சரியா?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம், உடன்பிறப்பு அன்று. வேங்கை டெரோகார்ப்பஸ் என்னும் வேறு பேரினம். அதன் காயைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: சுற்றிலும் சிறகு வைத்த வட்ட நாணயம் போன்றது. ஈட்டிக்கும் சிசுவுக்கும் காய் மெல்லிய நீண்ட தட்டை. உள்ளே ஒன்று முதல் நான்கு விதை. வேங்கை வைரத்தின் சிராயைத் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பழுப்பு நீரின் மேல் நீல ஒளி ஒன்று மின்னும். நீரிழிவுக்கு வேங்கைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பவர்கள் அதைக் கண்டிருப்பார்கள். குறிஞ்சி நிலத்து வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் பாறையைப் புலி என்று மயங்கிய சங்கப் பாடல்களின் மரமும் இதுவே. காட்டில் நிற்பதைக் காட்டிலேயே விட்டுவைப்போம்.

நம் நாட்டில் இயற்கையாக வளரும் டால்பெர்ஜியாக்களும் உண்டு. அவற்றுள் டால்பெர்ஜியா லான்சியோலேரியா மரமாக வளரும். ஒரு காம்பில் பத்துக்கு மேற்பட்ட சிறிய மழுங்கிய சிற்றிலைகள் இருப்பதால் சிசுவோடோ ஈட்டியோடோ மயங்க இடமில்லை. வேறு சில, கண்டல் ஓரங்களிலும் காட்டிலும் படரும் கொடிகள்.

வெள்ளாவெளி விவசாயி

நேற்று மாலை இலைகளைப் பறித்து மேசையில் பரப்பினோம். என் மகள் ஒவ்வொன்றாக எண்ணி எழுதினாள். உயரமான மரத்தின் பத்து இலைகளில் எட்டில் ஐந்து சிற்றிலை, இரண்டில் மூன்று. அத்தனைக்கும் ஐயா சொன்னதுபோல இழுத்துவிட்ட கூர்நுனி. காம்பு வளைந்து வளைந்து போவதை அவள்தான் முதலில் கண்டாள். நோஞ்சான் கன்றின் இலைகளில் ஐந்தும் ஏழும் வந்தன, நுனி மழுங்கல், மூன்று இலைகளில் நுனி நடுவே பள்ளம் இருந்தது.

ஆக, நான் நோய்க் கன்று என்று பிடுங்க நினைத்த இரண்டுந்தான் நான் கேட்டு வாங்கிய மரம். மற்ற 38 கன்றுகளும் சிசு. விற்றவர் வேண்டுமென்றே செய்தாரா, அவருக்கே தெரியாமல் விதை கலந்ததா என்பது எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்ன ‘பொறுமை வேண்டும்’ என்ற வார்த்தை ஈட்டியைப் பற்றியது என்பது மட்டும் இப்போது விளங்குகிறது.

இன்னொன்றையும் கண்டேன். உயர்ந்த மரங்களிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி மண்ணுக்குள்ளிருந்து புதிய குருத்துகள் கிளம்பியிருக்கின்றன. விதை விழுந்து முளைத்தவையா என்று தோண்டினால், தாய்மரத்தின் வேரிலேயே ஒட்டியிருக்கின்றன.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

அது சிசுவின் குணம். ஆறு கரையை அறுத்து வேரை வெளிப்படுத்தினாலும் அந்த வேரிலிருந்து மீண்டும் எழும்பத் தெரிந்த மரம். ஈட்டியும் வேரிலிருந்து துளிர்க்கும். வேர்த்துண்டை நட்டே கன்று எடுப்பதும் உண்டு. ஆனால் சிசுவின் வேகம் வேறு. அமெரிக்காவின் புளோரிடாவிலும் அவுஸ்திரேலியாவின் வடபகுதியிலும் அழகுக்கும் நிழலுக்கும் கொண்டுபோன சிசு இப்போது வேலி தாண்டிப் பரவும் களையாகக் கணக்கிடப்படுகிறது. ஆகையால், உங்கள் காணிக்கு அப்பால் காடு இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லையோரக் குருத்துகளை வெட்டிவிடுங்கள்.

வரம்போரத்தில் செத்த ஐந்தைப் பற்றி நீங்கள் தனியே கேட்கவில்லை. எனக்கோ இந்த இழையில் அதுதான் முதன்மையாகத் தோன்றுகிறது. 1990கள் தொட்டு வங்காளதேசம், நேபாளம், வட இந்தியா, பாகிஸ்தான் எங்கும் சிசு மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து கூட்டங்கூட்டமாகச் செத்தன. வேரைத் தாக்கும் பியூசேரியம் என்னும் பூஞ்சை அவற்றில் காணப்பட்டது. கால்வாய் ஓரங்களிலும் நீர் தேங்கும் களிமண்ணிலும் பாதிப்பு மிகுதியாக இருந்தது. ஆற்றங்கரை மரம் என்றால் ஈரம் தாங்கும் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். ஆற்று மணலில் நீர் வந்தபடியே வடிந்துவிடும், வேருக்குக் காற்றுக் கிடைக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையின் பெரும்பகுதி மாரியின் சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்க்கிறது. கார்த்திகை முதல் தை வரை வயல் வரம்பின் அடிமண் சேறாகவே இருக்கும். பிறகு கச்சான் காற்று அதே மண்ணை வெடிக்க வைக்கும். சிசு அந்த வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும், சேற்றைப் பொறுக்காது. ஈட்டிக்கும் வடிகால் உள்ள ஆழமான மண்தான் வேண்டும் என்பதால் வரம்பில் அதை மாற்றி நட்டாலும் பயனில்லை.

பேத்தாழை வாசகர்

ஏற்றுக்கொள்கிறேன், ‘விரைவாக வளரும் ரோஸ்வுட்’ என்று நான் எழுதியது பிழை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ரோஸ்வுட்டை விற்கவே முடியாது, உலகச் சட்டம் தடுத்துவிட்டது என்கிறார்களே?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

தடை அன்று, கட்டுப்பாடு. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கண்காணிக்கும் சைட்டிஸ் உடன்படிக்கையில், பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மட்டும் 1992 முதல் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருந்துவருகிறது. 2017 ஜனவரி 2 முதல் அந்த ஒரு மரம் நீங்கலாக டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. எல்லை தாண்டி அனுப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதே அதன் பொருள். ஒரு நாட்டுக்குள் நடக்கும் விற்பனையை அந்த உடன்படிக்கை தொடுவதில்லை. கிற்றார் போன்ற முடிவடைந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்குக் கிடைத்தது.

இதில் நம் பேச்சோடு பொருந்தும் ஒன்று உண்டு. ஈட்டி, காட்டில் அருகிவரும் மரம். தமிழ்நாடு அதைக் காப்பதற்கென்றே 1994இல் தனிச் சட்டம் இயற்றியது. சிசுவோ அழிவுக்கு அருகில் இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே பட்டியலில் கிடக்கின்றன. அறுத்து மெருகிட்ட கட்டையை வைத்துக்கொண்டு ‘இது எந்த டால்பெர்ஜியா’ என்று துறைமுகத்துச் சுங்க அதிகாரி பிரித்தறிவது கடினம் என்பதே அதற்கு ஒரு காரணம். இலை இருக்கும்வரைதான் அடையாளம் எளிது.

காத்தான்குடித் தச்சர்

உள்ளூரிலும் மரத்தை ஏற்றிக்கொண்டு வீதியில் போக வழியனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். நடும்போதே கிராம அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், பிற்காலத்தில் ‘இது என் வளவில் நான் நட்ட மரம்’ என்று காட்ட உதவும் என்பது என் அனுபவம்.

தம்பி, உங்கள் சிசுவைப் பற்றி என் கருத்து: கீழ்க்கிளைகளைக் கழித்து நேராக ஏற்றுங்கள். சிசு தன்போக்கில் விட்டால் கோணிக்கொண்டு வளரும். கோணிய மரத்தில் கதிரைக் கால்தான் வரும், பலகை வராது. நெருக்கமாக நட்டிருந்தால் இடையிடையே சிலவற்றை விறகுக்கு எடுத்துவிட்டு நேரான 15 மரங்களை மட்டும் வைத்திருப்பதே புத்தி. வீட்டுக் கூரைக்கு அண்மையில் எதையும் ஏற்ற வேண்டாம். 1978 நவம்பர் சூறாவளியை நேரில் கண்ட என் வாப்பா, வீட்டருகே முருங்கைக்கு மேல் ஒரு மரமும் வைக்க விடமாட்டார்.

வெள்ளாவெளி விவசாயி

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை வரம்போரத்தில் எஞ்சிய ஏழையும் பார்த்தேன். இரண்டில் நுனி வாடத் தொடங்கியிருக்கிறது. அந்த ஏழையும் வெட்டி விறகாக்கிவிட்டு, வரம்பை வெறுமையாக விடப்போகிறேன். மேட்டில் நிற்கும் 26 சிசுவில் நேரானவை 17 என்று கணக்கு வருகிறது. தச்சர் காக்கா சொன்ன 15 அவற்றுள் அமையும். அவற்றின் நிழலில் இந்த முறை மஞ்சள் நட்டுப் பார்க்கலாம் என்று மனைவி சொல்கிறாள்.

இரண்டு ஈட்டிக் கன்றுகளையும் சுற்றிப் பனைமட்டையால் ஓர் அடைப்புக் கட்டியாயிற்று. ஆட்டுக்குட்டி ஒன்று ஏற்கெனவே ஒன்றின் குருத்தைக் கடித்திருந்தது. அவற்றுக்கு மேல் கவிந்து நின்ற சிசுக் கிளைகளையும் கழித்துவிட்டேன். மகள் ஒரு தகரத் துண்டில் ‘ஈட்டி’ என்று எழுதி அடைப்பில் கட்டியிருக்கிறாள், நான் மறந்துபோய்ப் பிடுங்கிவிடுவேனாம்.